அரை நூல் டைமிங்

— நல்லா ஓடற வண்டியக் கெடுத்துக் குடுன்னு கேக்கற மொத ஆளு நீங்கதாங்கண்ணா. எங்கத்தா காலத்துல இருந்து இந்தப் பட்டறையில ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல.

— கெடுக்கச் சொல்லலீங்க அம்மிணி. பழையபடி வச்சுக் குடுங்கன்னுதானுங்க சொல்றேன்.

— பழையபடின்னா எது? எட்டு நாளைக்கு முன்னால தள்ளிக்கிட்டு வந்தீங்களே, அதா? ‘சலீமா, மொத கியர்லயும் ரெண்டாவது கியர்லயும் முறுக்குனா வண்டி யோசிக்குது, மலையில எழுவது வளைவு ஏறறதுக்குள்ள எட்டு தடவ நின்னு போவுது’ன்னு யாரு சொன்னது?

— நாந்தானுங்க.

— இப்ப நிக்குதா?

— இல்லீங்க.

— இழுக்குதா?

— இழுக்குதுங்க. ரொம்ப இழுக்குது. அதுதானுங்க சங்கடம்.

— மாதேஸ்வரண்ணா, நான் ஒண்ணும் மந்திரம் போடல. பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குச் சித்த முன்னாலயே பிளக்குல பொறி விழணும். உங்க வண்டியில அது லேட்டா விழுந்துக்கிட்டு இருந்துச்சு. விருந்து முடிஞ்சு எலைய எடுத்த பொறவு வர்ற ஆளாட்டம். மூடியக் கழட்டி உள்ள இருக்கற தட்ட அர நூல், ஒரு நெல்லு மொனை அளவு, திருப்பி வச்சேன். இப்ப முறுக்குன ஒடனே எடுக்குது. அவ்வளவுதான் வேல.

— அந்த அர நூலத்தானுங்க திருப்பிக் கேக்கறேன்.

— காரணம் சொல்லாம நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்.

— அதுவந்துங்க... பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுங்க.

— டைமிங் சரியா இருந்தா கொறச்சுத்தான் குடிக்கும். அடுத்தது சொல்லுங்க.

— சத்தம் ஒரு மாதிரி வருதுங்க.

— இப்பத்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. அடுத்தது.

— மொளகு மூட்ட பின்னால சரியுதுங்க.

— மூட்டய மண்டியில எறக்கிப் போட்டுட்டுத்தான மேல போறீங்க. ஏறறப்ப பின்னால மூட்ட ஏது?

— மூட்ட இல்லீங்க.

— அப்ப பின்னால என்ன இருக்குது?

— டீச்சருங்க.

— எந்த டீச்சர்?

— யமுனா டீச்சருங்க. மல மேல நம்ம திண்ணனூர் நாட்டுப் புள்ளதான். எங்க குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துல வேல பாக்கறாங்க. சனி ஞாயிறு மட்டும் இங்க சேந்தமங்கலத்துல அக்கா ஊட்டுக்கு வந்துருவாங்க.

— யமுனாவா? அவ என்கூடப் படிச்சவதான். சரி, அப்புறம்?

— ஐப்பசியில ஒரு திங்கக்கெழம பஸ்ஸு வரலீங்க. நான் மொளகு போட்டுட்டுத் திரும்பறேன், அவங்க அடிவாரத்துல, காரவள்ளியில கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தாங்க. ஏத்திக்கிட்டுப் போனேன். அதுல இருந்து திங்கக்கெழமன்னா நம்ம வண்டிதானுங்க. பொங்கல் லீவு போகப் பதினெட்டு திங்கக்கெழம.

— எண்ணி வேற வச்சிருக்கீங்க.

— தானா எண்ணிக்குதுங்க.

— சரி. வண்டி சுருக்காப் போனா டீச்சருக்கு நல்லதுதான? பெல்லு அடிக்கறதுக்குள்ள போய்ச் சேந்துக்குவாங்க.

— அங்கதானுங்க சிக்கலு. அவங்ககிட்ட நான் ஒண்ணு கேக்கோணும். மொகத்தப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. வண்டியில அவங்க பின்னால இருக்காங்க, நான் ரோட்டப் பாத்துக்கிட்டே பேசலாம். அப்பக் கொஞ்சம் வருதுங்க. ஆனா எனக்கு நேரம் வேணும். இருவதாவது வளைவு வரைக்கும் பனியப் பத்திப் பேசுவேன். நாப்பது வரைக்கும் பள்ளிக்கூடத்தப் பத்தி. அறுவதுல விசயத்துக்கு வரலாம்னு ஒரு கணக்கு. பழைய வண்டி ஒண்ணே கால் மணி நேரம் ஆக்கும். இப்ப முக்கா மணியில மல உச்சி, சோளக்காடு வந்துருது. பனியவே பேசி முடிக்க முடியல.

— மெதுவா ஓட்டறதுக்கு என்னங்கண்ணா கேடு?

— ஓட்டிப் பாத்தனுங்க. பின்னால லாரிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். ‘இப்பத்தான சரி பண்ணுனீங்க, ஏன் ஊர்றீங்க’ன்னு டீச்சரும் கேக்கறாங்க. அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

— அதுக்கு முன்னால பதினேழு திங்கக்கெழம பழைய வண்டியிலதான போனீங்க. அப்பவே கேட்டிருக்கலாமே.

— அறுவதாவது வளைவுக்கு வர்றப்ப வண்டி நின்னு போயிருமுங்க. அவங்க எறங்கித் தள்ளுவாங்க. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வண்டி தள்ளற பொம்பளகிட்ட எப்புடிங்க கேக்கறது?

— அதுக்குத்தான் சரி பண்ணச் சொன்னீங்களா?

— ஆமாங்க.

— நானும் பண்ணிக் குடுத்தேன். போன திங்கக்கெழம என்னாச்சு?

— கேட்டனுங்க.

— கேட்டுட்டீங்களா?

— பாதிதானுங்க. பனிப் பேச்சு முடியறதுக்குள்ளயே அறுவதாவது வளைவு போர்டு வந்துருச்சு. இன்னிக்கி உட்டா ஆகாதுன்னு, ‘டீச்சர், என்னயக் கட்டிக்கறீங்களா’ன்னு கேட்டுப்புட்டேன். கேட்ட பதட்டத்துல கை தானா முறுக்கிருச்சுங்க. உங்க அர நூலு அங்க வேலயக் காட்டிருச்சு. வண்டி கெடாக்குட்டியாட்டம் எகிறிக் குதிச்சுது.

— டீச்சர் விழுந்துட்டாங்களா?

— இல்லீங்க. ‘கம்பியக் கெட்டியாத்தான் புடிச்சிருக்கேன், நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க’ன்னாங்க. சிரிக்காதீங்க அம்மிணி.

— சிரிக்கலீங்கண்ணா. கிரீஸு வாடை மூக்குல ஏறிருச்சு. அப்புறம்?

— அப்புறம் என்னங்க, மிச்சம் இருந்த பத்து வளைவும் ஏறி முடிச்சோம். எறங்குனதும் கொடைய ஒதறிக்கிட்டு, ‘இத்தன நாளு நல்லாத்தான ஓட்டுனீங்க’ன்னாங்க. அந்த வார்த்தயில இருந்து எனக்குச் சோறே எறங்கலீங்க.

— நாளைக்கு இல்லாட்டி அடுத்த வாரம் கேளுங்க. டீச்சர் எங்க போயிரப் போறாங்க?

— அடுத்த வாரம் கெடையாதுங்க. வர்ற புதங்கெழம எங்கம்மா எனக்குப் பொண்ணு பாக்கப் போறாங்க. அந்தூட்டுக்குச் சொல்லி உட்டாச்சு. எனக்கு நாளைக்கு ஒரு திங்கக்கெழமதான் மிச்சம். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழமயே எறங்கி வந்து உங்க முன்னால நிக்கறேன்.

— இங்க பாருங்க. தட்டப் பழையபடி வச்சா வண்டி நிக்கும், அவ எறங்கித் தள்ளுவா. இப்படியே உட்டா குதிக்கும். ரெண்டுலயும் உங்க பேச்சு போய்ச் சேராது.

— நடுவால வைக்க முடியாதுங்களா? ஒரு கால் நூலு?

— கோளாறு தட்டுல இல்லீங்கண்ணா. உங்க வலது கையில இருக்குது. வண்டி மேல ஏறி உக்காருங்க.

— எதுக்குங்க?

— சொல்றேன், உக்காருங்க. ஸ்டாண்டுலயே இருக்கட்டும், சாவி போட வேண்டாம். ரெண்டு கையும் ஹேண்டில்ல. கண்ணு அந்தச் செவுத்தப் பாக்கட்டும். பின்னால டீச்சர் இருக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டு முழுசாச் சொல்லிப் பழகுங்க. கை முறுக்காம சொல்ல வந்துருச்சுன்னா நாளைக்கு எந்த வண்டியிலயும் சொல்லிருவீங்க.

— உங்க முன்னாலயாங்க?

— நானும் பின்னால போயி நின்னுக்கறேன். பழைய டயரு ரெண்டு அடுக்க வேண்டியிருக்குது.

— வெக்கமா இருக்குதுங்க.

— யாரும் பாக்கல. ஆரம்பிங்க.

— டீச்சர்... இன்னிக்கிப் பனி கொஞ்சம் ஜாஸ்திங்க.

— பனி வேண்டாம், நேரா அறுவதுக்கு வாங்க. பாருங்க, அதுக்குள்ள கை முறுக்குது.

— இப்ப எடுத்துட்டனுங்க. டீச்சர், எனக்கு ரெண்டு ஏக்கரா இருக்குதுங்க. மொளகுக் கொடி ஓடுது, கீழ்க்காட்டுல மரவள்ளி. ஊடு ஓடு போட்டது, மழைக்கு ஒழுகாது. இல்லீங்க, ஒழுகும், அடுப்புக்கு மேல ஒரு எடத்துல மட்டும். எங்கம்மா சத்தமாப் பேசுவாங்க, மனசுல ஒண்ணும் இருக்காது. நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். அதெல்லாம் நீங்க கொறயா நெனைப்பீங்களோன்னுதான் இத்தன நாளாப் பனியப் பத்தியே பேசிக்கிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துல நீங்க எறங்குன பொறவு வண்டி லேசாயிருதுங்க. அப்படி லேசாப் போறது எனக்குப் புடிக்கல. என்னயக் கட்டிக்கறீங்களா? கம்பியச் சொல்லலீங்க. கல்யாணத்தச் சொல்றேன். கை முறுக்கலீங்க அம்மிணி, பாத்தீங்களா? ஏனுங்க அம்மிணி, மறுபடியும் சிரிக்கறீங்களா?

— நீங்க எட்டாவதுன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பழைய ரிஜிஸ்டர்ல கார்த்திகையிலயே தேடிப் பாத்துட்டேன். கணக்குல முப்பத்தெட்டு.

— அம்மிணி, உங்க கொரலு ஏன் இப்படி...

— பேசுனது நான் இல்லீங்க. திரும்பாதீங்கண்ணா. மொகத்தப் பாத்தீங்கன்னா மறுபடியும் வாய் அடச்சுக்கும். செவுத்தயே பாருங்க.

— டீச்சர்... நீங்க எப்பங்க வந்தீங்க?

— பனி ஜாஸ்தின்னு சொன்னீங்களே, அப்பவே வந்துட்டேன். மாசி வெயிலு மண்டையப் பொளக்குது, இவரு பனிங்கறாருன்னு நின்னுட்டேன்.

— சும்மா பழகிப் பாத்தனுங்க.

— சும்மாவா?

— இல்லீங்க. நெசந்தானுங்க. டீச்சர், புதங்கெழம எங்கம்மா பொண்ணு பாக்கக் கெளம்பறாங்க. வேற ஊட்டுக்கு.

— திண்ணனூர் நாட்டுக்கு வரச் சொல்லுங்க. எங்கய்யன்கிட்ட நான் பேசி வைக்கறேன். அதுக்கு முன்னால அந்த அடுப்புக்கு மேல ஒழுகறத அடைங்க.

— சரிங்க டீச்சர். இப்பத் திரும்பலாமுங்களா?

— இருங்கண்ணா, சித்த நேரம் மூச்சு உடுங்க. ஏன்டி யமுனா, ஞாயித்துக்கெழம அதுவுமா நீ எதுக்குப் பட்டறைக்கு வந்த?

— கார்த்திகையிலயே ரெடியாயிருச்சு, எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போன்னு நீ நச்சரிச்சுக்கிட்டே இருந்தியே என் ஸ்கூட்டரு, இந்த மனுசன் வாயத் தொறக்கற மாதிரி இல்ல, நாளையில இருந்து அதுலயே போயிக்கலாம்னு எடுக்க வந்தேன் சலீமா. இனி எனக்கு வேண்டாம், யாருக்காச்சும் வித்துரு.