காலர் தைத்த பாட்டு

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் ஐயா அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட மேற்பார்வையாளர் தம்பி அவர்களே! துணியை வெட்டி வெட்டியே தோள் தேய்ந்த பெரியவர்களே! இஸ்திரி மேசையின் ஆவியில் முகம் வெந்த அண்ணன்மார்களே! ஊசி முனையில் உயிரை வைத்து உட்கார்ந்திருக்கும் தையல் வரிசைத் தாய்மார்களே, தங்கைகளே! முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முன்வரிசைக்கு வந்திருக்கும் எங்கள் பட்டன் அக்கா அவர்களே! காலர் தைக்கும் இந்த வாயாடியின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

‘எனக்குப் பிடித்த பாடலும் அது தந்த உற்சாகமும்.’ இதுதான் இந்த விழாவில் பேச எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கேள்வியைக் கொடுத்தவர்கள் பதிலையும் கையோடு கொடுத்துவிட்டார்கள். ஊட்டி விட்டதை விழுங்குவது மட்டும்தான் என் வேலை. ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லையே, என்ன செய்வேன்?

முன்பு நம் தையல் கூடத்தில் என்ன பாட்டு இருந்தது? இயந்திரங்களின் இரைச்சல்தான் பாட்டு. ஒருநாள் தம்பி ஒலிபெருக்கியோடு வந்து நின்றார். “ஆளுக்கொரு பிடிச்ச பாட்டு சொல்லுங்கக்கா. ஏன் பிடிக்கும்னும் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்ல?” என்றார். ஆறுதல்! வாடிய பயிருக்கு வந்து பெய்த மழை போல இருந்தது அந்தச் சொல். வாய் திறக்காதவர்கள்கூட வரிசையில் நின்று சொன்னோம்.

நான் என் கணவரின் பாட்டைச் சொன்னேன். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சுருதிக்கும் அவருக்கும் ஏழு ஜென்மத்துப் பகை. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், சமையலறை வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து அந்தத் துள்ளல் பாட்டைப் பாடுவார். வரி மறந்து போனால் கண்ணில் பட்டதைப் போட்டு நிரப்புவார். காதலி வரவேண்டிய இடத்தில் கத்தரிக்காய் வந்து நிற்கும். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அப்படித்தான் சிரித்துத் தோற்பேன். “சிரிச்சிட்டல்ல? சோத்தைப் போடு” என்பார்.

மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு நின்றுபோன பிறகு, கட்டில் கம்பியில் விரலால் அதே தாளத்தைத் தட்டினார். நான் சிரித்தேன். அவர் பார்க்க நான் கடைசியாகச் சிரித்த சிரிப்பு அது.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன். அவருக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லக் கூடாது, கலங்கத்தான் செய்தது.

பட்டன் அக்கா ஒரு தாலாட்டைச் சொன்னார். பிறந்த சில மாதங்களிலேயே பறிகொடுத்த பிள்ளைக்குப் பாடிய தாலாட்டு. அது கூடத்தில் ஒலித்த அன்று என்ன நடந்தது? ஒருவர் கையாவது ஓடியதா? துணியை மடியில் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் அழுதோம். பாரம் இறங்க அழுதோம். மறுநாள் அந்தப் பாட்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அக்கா போய்க் கேட்டார்.

“தம்பி, என் பாட்டு எங்கப்பா காணோம்?”

“உங்க பாட்டு போட்டா மெஷின் எல்லாம் தூங்கிடுதுக்கா!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார். நூல் நுழையவே இல்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

என் பாட்டின் கதை வேறு. அது ஒலித்தால் காலர் பறந்ததாம், கை பறந்ததாம், கணக்கு பறந்ததாம்! பிறகு விடுவார்களா? காலையில் என் பாட்டு. சாப்பிட்டுக் கை கழுவும் முன்னே என் பாட்டு. சரக்கு அவசரம் என்றால் மறுபடி மறுபடி என் பாட்டு. போதாதென்று அதன் வேகத்தையும் கூட்டினார்கள். பாடியவர் குரல் கீச்சுக் குரலாயிற்று. என்னோடு உயிராய்ப் பழகிய பெண்களே, “ஐயோ, உன் பாட்டு வந்துருச்சுக்கா, பாழாப்போன பாட்டு!” என்று திட்டினார்கள். அவர்கள்மேல் என்ன குற்றம்? குதிரைக்குச் சாட்டையைப் பிடிக்குமா?

என்ன தம்பி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறீர்களா? பார்த்தேன். அதற்கும் ஒரு பாட்டுப் போடுங்கள், வேகமாக முடிக்கிறேன்.

போன மாதம் என் மகளுக்குத் திருமணம். வந்தவர்கள் நிறைந்த மண்டபம். திடீரென்று அந்தப் பாட்டு ஒலித்தது. “அம்மா, அப்பா பாட்டு! உங்களுக்காகத்தான் போடச் சொன்னேன்” என்று ஓடி வந்தாள் என் மகள். நான் கண்ணை மூடினேன். அவர் முகத்தைத் தேடினேன். சமையலறை வாசலைத் தேடினேன். வரவில்லை, பெரியோர்களே, வரவில்லை! வெள்ளைக் காலர் வந்தது. அடுத்த காலர் வந்தது. அதற்கடுத்த காலர் வந்தது. என் கால் தரையை மிதித்தது. என் இரண்டு கைகளும் பட்டுச் சேலையின் ஓரத்தைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தன.

“என்னம்மா பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் மகள்.

“அதை நிறுத்தச் சொல்லும்மா” என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. “அப்பாவ அவ்வளவு சீக்கிரம் மறந்துட்டீங்களாம்மா?” என்று கேட்டாள். தையல் கூடத்தின் கதையை மணக்கோலத்தில் நிற்கும் மகளிடம் எப்படிச் சொல்வேன்? அவள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

மேலாளர் ஐயா! எங்கள் நேரத்தை விற்றோம், வாங்கினீர்கள். எங்கள் முதுகை விற்றோம், வாங்கினீர்கள். பாட்டை நாங்கள் விற்றோமா? ஆசையாய்க் கேட்டீர்கள், அன்பாய்க் கொடுத்தோம். கொடுத்ததைச் சவுக்காய் முறுக்கி எங்கள் முதுகிலேயே வீசினீர்களே, இது அடுக்குமா? என் கணவர் உங்கள் ஆலையில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. மண்ணுக்குள் போன மனிதரைத் தினந்தோறும் எழுப்பிக் காலர் தைக்க வைத்தீர்களே, இது தகுமா?

இன்று புதிய ஒலிபெருக்கிகள் வந்திருக்கின்றன. சுவருக்குச் சுவர் ஒன்று. அவற்றைத் தொடங்கிவைக்கும் பொத்தானை நான் அழுத்த வேண்டுமாம், ஆளுக்கொரு புதுப் பாட்டும் தர வேண்டுமாம். தங்கைகளே! கொடுக்காதீர்கள். எந்தப் பாட்டைக் கேட்டால் உங்கள் அம்மா நினைவுக்கு வருகிறாரோ, அதன் பெயரை இங்கே சொல்லாதீர்கள். எது பிடிக்கும் என்று கேட்டால், எதுவும் பிடிக்காது என்று சொல்லுங்கள். நெஞ்சுக்குள் இருக்கிறவரைதான் அது பாட்டு!

இதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். நாளைக்கு என் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கலாம். உட்காரட்டும். அவள் பாட்டையாவது அவளிடம் விட்டுவையுங்கள்.

பாட்டாலேயே எங்களைப் பாடாய்ப் படுத்திய நிர்வாகத்துக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சின் நன்றி. பொத்தான் அதோ இருக்கிறது, ஐயா. நீங்களே அழுத்திக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.