செல்லப்பா அண்ணாச்சி கொண்டாந்த திதிச் சோறு

உள்ள போவாண்டாம் அண்ணாச்சி, இங்கன வேப்பமரத்து நெழல்லயே எலையப் போட்டுருவோம். உள்ள ஒரே புழுக்கமாக் கெடக்கு. சட்டி பானைய நானே எறக்கிட்டேன். பாவூர்சத்திரத்துலருந்து இந்த வெயில்ல வண்டி கட்டி வந்திருக்கிய, செத்த உக்காருங்க.

சாம்பாரச் சூடு பண்ண வேண்டாம். கை வைக்க முடியல, அம்புட்டுச் சூடா இருக்கு. அடுப்பா? இன்னைக்குப் பத்த வைக்கல. நீங்கதான் ஒங்க அம்மா திதிக்குச் சோறு கொண்டாறேன்னு சொல்லி விட்டிருந்தியளே, பொறவு என்னத்துக்கு வெறகக் கரியாக்கணும்னு விட்டுட்டேன்.

இந்த அனாத இல்லத்துச் சமையக்காரின்னு பேருதான் எனக்கு. ஆக்குததுக்கு அரிசி இருந்தால்லா. சாரல் விழுந்து ஐந்தருவியில தண்ணி கொட்டிட்டா ஊர்ப்பட்ட காரு வரும். குளிச்சிட்டுப் போறவுக, அனாதப் புள்ளையளுக்குன்னு லட்டும் பாயாசமுமா எறக்குவாவ. ஒரே நாள்ல மூணு பேரு விருந்து வைப்பாவ, தின்னு தின்னு புள்ளையளுக்கு வயித்தால போவும். நாளைக்குக் கஞ்சிக்கு ஆவும், நொய்யாக் குடுங்கம்மான்னு கேட்டா, இல்ல, புள்ளைய திங்குதத எங்க கண்ணால பாக்கணும்பாவ. அதத் தப்புன்னு சொல்ல நம்மளால ஆவுமா? இந்தப் பங்குனியில ஒரு காக்கா குருவி எட்டிப் பாக்காது. அமெரிக்காவுலருந்து தருமத்துக்கு வார மாவத்தான் கிண்டிக் குடுத்துக்கிட்டிருந்தேன். நேத்து மத்தியானத்தோட அதுவும் தீந்து போச்சு.

ஆமா அண்ணாச்சி, அதுலருந்து பச்சத் தண்ணிதான்.

இந்தத் திதிச் சோறுதான் எங்களுக்கு ஆதாரம். மழ பொய்ச்சாலும் திதி வந்துரும்லா. விடிஞ்சதும் இந்தப் புள்ளைய எங்கிட்ட என்ன கேக்கும் தெரியுமா? மூக்கம்மக்கா, இன்னைக்கு யாரு செத்தான்னு கேக்கும். யாருஞ் சாவலன்னு சொன்னா மொகம் சுண்டிப் போவும். இப்படியா பேசுததுன்னு அடிக்கக் கை ஓங்குவேன். அடிச்சு என்ன செய்யன்னு விட்டுருவேன், அதுவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.

இல்லத்தப் பாத்துக்கிடுத சங்கரநாராயணன் சாரா? தென்காசிக்குள்ளதான் போயிருக்காவ, ஒரு வேலைக்கு ஆள் கூப்பிட. வந்துருவாவ. ஏட்டி இராமலச்சுமி, எல்லாத்தையும் வரிசையா உக்காரச் சொல்லு. மொகத்தக் கழுவிட்டு வாங்கட்டி. ஏன் சத்தங்காட்டாம வருதுவளா? பசி அண்ணாச்சி, வேற என்ன.

யாரு, பேச்சியா? போன வருசம் ஒங்க மடியில ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னாளே, அவளையா கேக்கிய. உள்ள படுத்திருக்கா. எழுப்ப வேண்டாம். நில்லுங்க அண்ணாச்சி, வாசப்படியத் தாண்டாதிய. ஒங்களுக்குத் தீட்டு.

விடியக்காலம் போயிட்டா. ரெண்டு நாளாக் காச்சலும் வாந்தியும். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுத்தான் ஓடுனோம். மருந்து குடுத்தாவ, குடிச்சதெல்லாம் வெளிய வந்துட்டு. குழி வெட்ட ஆள் கூப்பிடத்தான் சாரு போயிருக்காவ. பொணங் கெடக்குத வீட்டுல அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒங்க அம்மா பேரச் சொல்லிக் கொண்டாந்தத இங்கன எறக்கக் கூடாதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் எறக்குனேன். பச்சப் புள்ளைய உள்ள போட்டுட்டு இங்கன நின்னு பேசுதேனே, எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?

பானையத் திருப்பி வண்டியில ஏத்திராதிய அண்ணாச்சி, ஒங்க கால்ல விழுதேன். அதுவளப் பாருங்க, ஒண்ணுகூட அழல பாத்தியளா. நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அண்ணாச்சி சோத்தப் போட்டுட்டுப் போவட்டும், பொறவு அழலாம்னு.