உள்பையைப் பார்க்கவில்லை

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் இருக்கின்றன. வயது ஐம்பத்து மூன்று. கணவர் வேன் டிரைவர். பதினாறு வருடமாகச் சலவை நிலையத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பதால் அங்கே எனக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர். இன்று காலை பதினொரு மணிக்கு இந்தக் காவல் நிலையத்தில் இதே மேஜையில் நான் கொடுத்த வாக்குமூலம் தவறு என்பதால், மாலை மூன்றரை மணிக்கு நானே திரும்பி வந்து இதைச் சொல்கிறேன்.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் வந்து, நேற்று சலவைக்குப் போட்ட கோட்டில் தன் கல்யாண மோதிரம் இருந்தது என்றார். துணியை மெஷினில் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வேலை. எல்லாப் பையையும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் கோட்டு நேற்று மூன்று மணிக்கு இஸ்திரி மேஜைக்குப் போயிருந்ததால், இஸ்திரி போடும் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். “மேஜைகிட்டயேதான் இருந்தேன்க்கா” என்றாள். சொல்லும்போது எச்சில் விழுங்கினாள், கழுத்தெல்லாம் வியர்த்தது. கொதிக்கும் இஸ்திரிப் பெட்டி முன் நாள் முழுக்க நிற்கும்போதுகூட அவளுக்கு அப்படி வியர்த்ததில்லை. “யாருக்குடி காது குத்தற?” என்று கேட்டேன். அவள் சொன்னது பொய்தான், இப்போதும் சொல்கிறேன். அதன் பிறகு அவளை இங்கே அழைத்து வந்து, மோதிரத்தை எடுத்தது அவள்தான் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மணிக்கு ஒரு சலவை மெஷினில் தண்ணீர் வடியாமல் நின்றது. மெக்கானிக் வந்து அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றி, ஒரு ஹேர்பின், மூன்று பொத்தான், அதன் பிறகு மோதிரம் என்று ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். கோட்டை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு சின்னப் பை இருந்தது. அதில் நான் கையை விட்டுப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன் என்று காலையில் சொன்னபோது எனக்கு ஒரு சொட்டுகூட வியர்க்கவில்லை. ஓடிவந்த அவசரத்தில் மெக்கானிக்கின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன், இப்போதும் காலில் அதுதான் இருக்கிறது.

காலையிலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் மோதிரத்தைக் காட்டினேன். “கெடச்சிடுச்சா!” என்று அழுதாள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. அப்படியானால் மூன்று மணிக்கு எங்கே போனாய் என்று கேட்டதற்கு, அடுத்த தெருச் சலவைக் கடையில் வேலை கேட்கப் போனதாகச் சொன்னாள். “நீங்க மூஞ்சியையே உத்துப் பாக்கறீங்கக்கா. உண்மையைச் சொல்லும்போதே எனக்குக் கை நடுங்குது.”

மன்னிப்புக் கேட்டேன். “உங்க மேல எனக்குக் கோபமே இல்லக்கா” என்றாள். வெகு நேரம் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை உடனே வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. என் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டாம். மோதிரமும் கோட்டும் மேஜை மேல் இருக்கின்றன.

(கையொப்பம்)