ஊர் எழுதாத ஆஸ்பத்திரி

ஓடுகிறேன். கையில் குழந்தை. பெண். பிறந்து மூன்று நாள். எனக்குப் பின்னால் கண்ணாடி உடைகிறது. ஒன்று. இரண்டு. அதற்குமேல் எண்ண முடியவில்லை. மருந்து அறை அலுமாரிகளை உடைக்கிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். பத்து மணிக்குத்தான் வார்டில் காய்ச்சல் பார்த்து முடித்தேன். அதனால் நேரம் தெரியும்.

"பின்பக்கம்! கடற்பக்கமா ஓடுங்கோ!"

டொக்டரின் குரல். அவர் முன்வாசலில் நிற்கிறார். கேற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். அறுபது வயது மனிதர். அவருக்கு அப்பால் இருபது, முப்பது பேர். முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். பொல்லுகள். பெற்றோல் கலன்கள். அவர்கள் யார் என்று என்னைப் பலர் கேட்டுவிட்டார்கள். துணிக்குப் பின்னால் இருந்த முகத்தை நான் காணவில்லை. காணாததைச் சொல்ல மாட்டேன்.

பின்சுவரைத் தாண்டினால் கடல். திருகோணமலைத் துறைமுகத்தின் உள்குடா. ஆஸ்பத்திரிக்கென்று ஒரு மர இறங்குதுறை உண்டு. மூதூர், கிண்ணியாப் பக்கத்து நோயாளிகள் அதில்தான் வந்து இறங்குவார்கள். அன்று இரண்டு வள்ளங்கள் நின்றன.

"தாய்மார் முதல்! தாய்மாரை ஏத்துங்கோ!"

இது, பிள்ளையை எடுக்கப் போகமுதல் நான் கத்தியது. நான் அங்கே மிஸி. தாதியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாய்மார் ஐந்து பேர். நாலு பேர் கையில் பிள்ளையோடு ஏறினார்கள். பூமணி வெறுங்கையோடு ஏறினாள். அவளுடைய பிள்ளை நிறை குறைவு. சூட்டறையில் வைத்திருந்தோம். நான் திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வெடிச் சத்தம். மூன்று. முதல் வள்ளம் இயந்திரத்தை முடுக்கிவிட்டது.

"என்ர பிள்ளை! மிஸி, என்ர பிள்ளை!"

"நான் கொண்டு வாறன்! நீங்கள் போங்கோ!"

எங்களுக்கு இடையே இருபது முழம் தண்ணீர். கத்தினால் கேட்கும். கேட்டது. நான் கத்த வேண்டியது வேறொன்று. அது என் வாயில் வரவில்லை.

முதல் வள்ளம் மூதூர்ப் பக்கம் போனது. இரண்டாவது ஹனிபா காக்காவுடையது. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். பதினைந்து வருடமாக எங்களுக்கு நோயாளிகளை ஏற்றி வந்தவர். என்னையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர் தன் ஊரான கிண்ணியாவுக்குத் திருப்பினார். பாதிக் கடலில் திரும்பிப் பார்க்கிறேன். கூரை எரிகிறது. ஓடுகள் வெடிக்கின்றன. பட். பட். பட். தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது.

அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியது என் அச்சனும் அவருடைய கூட்டாளிகளும். மலையாளக் கரையிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர்கள். சுதந்திரம் கிடைத்ததும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. நீ எந்த ஊர்? கடதாசி எங்கே? ஒருநாள் இரும்புத் தூண் விழுந்து ஒருவருடைய தொடை நசிந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பேர் கேட்டார்கள். ஊர் கேட்டார்கள். கடதாசி கேட்டார்கள். கேட்டு முடிய ஆளும் முடிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் உறங்கவில்லை. கழித்துப் போட்ட கப்பல் பலகைகளைச் சுமந்தார்கள். சுவர் வைத்தார்கள். கூரை போட்டார்கள். ஒரு விதியும் போட்டார்கள். இந்த வாசலில் எவரையும் ஊர் கேட்பதில்லை. பதிவுப் புத்தகத்தில் பேர், வயது, நோய், கட்டில் இலக்கம். அவ்வளவுதான். இங்கிலீசுக்காரனின் கடற்படை போனது. வேலை போனது. அச்சனின் ஆட்களில் பாதிப்பேர் கப்பலேறிப் போனார்கள். விதி போகவில்லை.

எங்களுக்கு அதில் பெருமை. எனக்கு மற்றவர்களைவிடக் கூட. புது மிஸிமார் வாய் தவறி ஊர் கேட்டால் வார்டுக்கு நடுவிலேயே ஏசுவேன்.

கலவரத்துக்கு முதல் வாரம் ஒருவன் வந்தான். நோயில்லை. உடுப்பு நல்ல உடுப்பு. "இங்க எந்தப் பக்கத்து ஆக்கள் படுத்திருக்கினம்?" என்று கேட்டான். டொக்டர் புத்தகத்தை விரித்தே காட்டினார். "பாருங்கோ. எங்களிட்ட அந்தக் கதையே இல்லை." அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். சிரித்தான். போய்விட்டான். அவன் போனபின் நாங்களும் சிரித்தோம். ஊர் எழுதாத இடத்தை எவன் தேடி வரப்போகிறான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் கேற்றில் தாரால் ஒரு கோடு. காவல்காரர் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். அடுத்த நாள் அதே இடத்தில் இரண்டு கோடு.

ஹனிபா காக்காவின் வீடு கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில். அவருடைய மகள் பாத்தும்மாவுக்கு ஐந்து மாதப் பிள்ளை. நான் கேட்கவில்லை. அவளாகவே கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். பால் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

காக்கா முற்றத்தில் நின்று கேட்டார். "மிஸி, தாய்க்காரி எந்த ஊர்? சொல்லுங்க. ஊரடங்கு எடுத்தவுடன ஆள் அனுப்புவம்."

"தெரியாது காக்கா" என்றேன்.

பூமணி சொல்ல வந்தவள். வார்டுக்கு வந்த முதல் நாளே. "மிஸி, நாங்கள் வந்து..." என்று தொடங்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அது வேண்டாம் அம்மா. இங்க அது கேக்கிறேல்லை." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏதோ பிழை செய்தவளைப்போல.

வெள்ளிக்கிழமை ஊரடங்கு தளர்ந்தது. காக்காவின் மைத்துனர் மூதூருக்குப் போனார். தாய்மார் கரையேறியது உண்மை. தங்கள் தங்கள் ஊருக்குப் போனதும் உண்மை. எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் மண்டையைப் போட்டு உடைக்கிறேன். பூமணி வயல் பற்றிக் கதைத்தவள். வலை பற்றியும் கதைத்தவள். இரண்டும் உள்ள ஊர் திரியாய் என்று நானே முடிவு கட்டினேன். அது வடக்கே. நகரத்தைக் கடந்து போகவேண்டும். சனிக்கிழமை ஒரு வியாபாரியிடம் சொல்லி அனுப்பினோம். ஞாயிறு பின்னேரம் பதில் வந்தது. அப்படி ஒருத்தி அங்கே இல்லை.

அதே பின்னேரம் குழந்தைக்குக் காய்ச்சல். மறுபடி ஊரடங்கு. மருந்தின் பேர் எனக்குத் தெரியும். எங்கள் அலுமாரியில் எந்தத் தட்டில் இருந்தது என்றும் தெரியும். ஈரத்துணி போட்டேன். பாத்தும்மா மடியை விட்டு இறக்கவில்லை. குழந்தை குடிப்பதை நிறுத்தியது. திங்கட்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு இருபது.

உப்புத்தண்ணீர்க் களப்பு ஓரத்தில் காக்கா குழி வெட்டினார். நான் இறக்கினேன்.

புதன்கிழமை காலை பூமணி வந்தாள். கூடப் புருசன். இலங்கைத்துறையிலிருந்து வந்திருந்தார்கள். மூதூருக்குத் தெற்கே, கடற்கரையோடு. ஆள் அனுப்பியிருந்தால் ஒரு பகலில் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஊரடங்கு விட்ட நேரமெல்லாம் அவர்கள் வள்ளக்காரர்களை விசாரித்து அலைந்திருக்கிறார்கள். ஹனிபா காக்காவின் பேர் கிடைக்க ஒரு கிழமை எடுத்தது.

அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"மிஸி, பால் கட்டி நோகுது. பிள்ளையைத் தாங்கோ."

கேட்காமல் வைத்தியம் பார்த்தது சரிதான். அதை இன்றைக்கும் எவரிடமும் சொல்வேன். ஆனால் வள்ளம் விலகும்போது, அந்த இருபது முழத்தில், "எந்த ஊர்?" என்று நான் கத்தியிருக்க வேண்டும். பழக்கம் வாயைக் கட்டிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கிடையாது. பூமணி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இழந்தவை. இருபத்திரண்டு கட்டில். பிரசவ அறை. மருந்து அறை. இறங்குதுறை.

நாங்கள் இழந்தவர்கள். டொக்டர், கேற்றடியில். காவல்காரர், அவருக்குப் பக்கத்தில். கால் முறிந்து படுத்திருந்த இரண்டு ஆண்கள், ஆறாம் கட்டிலும் ஒன்பதாம் கட்டிலும். எழும்ப ஏலாதவர்கள். அவர்களுடைய வீட்டுக்கு இன்றுவரை எவரும் போய்ச் சொல்லவில்லை. எந்த வீடு என்று தெரியாது.

பூமணியின் மகள். வயது ஒன்பது நாள். பேர் இல்லை. முப்பத்தோராம் நாள் வைப்பதாக இருந்தார்கள்.