நட்சத்திரத்துக்கு ஒரு நட்சத்திரக்குறி

— நாற்காலி வேண்டாம் சார். உக்காந்தா அழுதுடுவேன்னு நெனச்சுதானே இழுத்துப் போடறீங்க? நான் அழ வரல. அந்த வரியை எடுங்க, போயிடறேன்.

— எந்த வரிம்மா?

— நாளைக்கு அச்சுக்குப் போற நட்சத்திரப் பட்டியல்ல, நூத்திப் பன்னெண்டாம் பக்கம். ஒரு நீலவெள்ளை நட்சத்திரம். அதுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக்குறி. அதுக்குக் கீழ பொடி எழுத்துல என்ன போட்டிருக்கீங்க? வாய்விட்டுப் படிங்க.

— “நோக்கியவரின் கை நடுக்கம் காரணமாக இந்த அளவுகள் ஏற்கத்தக்கவை அல்ல.” கணக்குப்படி இது வழக்கமான குறிப்புதாம்மா.

— நட்சத்திரத்துக்கே நட்சத்திரக்குறி வெச்ச முதல் வானாய்வுக்கூட டைரக்டர் நீங்கதான். உயிரோட இருந்தப்ப கை ஆடுதுன்னு வீட்டுக்கு அனுப்பினீங்க. செத்து ஏழு மாசம் ஆச்சு. இப்ப அதை அச்சுல வேற ஏத்தணுமா?

— உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா கணக்குப்படி...

— சார், உள்ள வரலாமா? அண்ணி கேட்ட பெட்டி ரெண்டும் ஸ்டோர்லேர்ந்து கொண்டாந்தேன். ஒண்ணுல அந்த நட்சத்திரத்தைப் படம் புடிச்ச பதினோரு கண்ணாடிப் பிளேட். என்னத்தச் சொல்றது, பன்னெண்டாவதா தூசி.

— ஸ்டோர், உன்னை யாரு எடுத்துட்டு வரச் சொன்னா?

— அண்ணன் இருந்த வரைக்கும் அவர் பேச்சைக் கேட்டேன் சார். இப்ப அண்ணி பேச்சைக் கேக்கறேன். என்னத்தச் சொல்றது, உங்க முறை இன்னும் வரல.

— ஸ்டோர்க்காரரே, அந்தக் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துல புடிங்க. ஓரத்தைப் புடிங்க, நடுவுல விரல் படக் கூடாது. சார், என் லென்ஸை வெச்சுப் பாருங்க. நான் வேலை பாக்கற கடிகாரக் கடையில பல்சக்கரத்துக்கு வெச்சிருக்கறது, கடுகைப் பூசணிக்காயாக் காட்டும்.

— பாத்த பிளேட்தாம்மா இது. நட்சத்திர ஒளியைப் பட்டையாப் பிரிச்சா, நடுவுல கறுப்புக் கோடு மயிரிழை மாதிரி விழணும். இதுல பாருங்க, ஈரத்தாள்ல மை பட்ட மாதிரி ஊறிப்போயிருக்கு. நட்சத்திரம் நகர நகரத் தொலைநோக்கியைத் திருப்பற கைப்பிடியைப் பிடிச்ச கை ஆடினா கருவி ஆடும். கருவி ஆடினா கோடு தடிக்கும். தீந்துச்சு கதை.

— மேல ஒரு கரை, கீழ ஒரு கரை, அளவு பாக்கறதுக்காகக் கருவிக்குள்ள இருக்கற விளக்கோட கோட்டையும் எடுத்திருக்கே. அது ஏன் ஊறல?

— விளக்குக்கு அஞ்சு நொடி போதும். நட்சத்திரத்துக்கு நாப்பது நிமிஷம். அஞ்சு நொடி யாரு வேணா பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கலாம்.

— இதைச் சொல்லுவீங்கன்னுதான் ரெண்டாவது பெட்டி. தேதியைப் பாருங்க சார். அதே நாள், அதே கருவி, அடுத்த நட்சத்திரம். இதுக்கும் நாப்பது நிமிஷம். கோடு எப்படி?

— சன்னமாத்தான் இருக்கு.

— அதுக்கு முந்தினது?

— அதுவும் சன்னம்.

— பதினோரு நாளும் அப்படித்தான். முன்னால சன்னம், பின்னால சன்னம், நடுவுல இது மட்டும் தடிப்பு. நடுக்கம் என்ன, டியூட்டி பாத்து வந்துட்டு டியூட்டி முடிஞ்சு போகுமா? இந்தப் பிளேட்டை எடுத்த கை ஆடல சார். ஆடறது நட்சத்திரம்.

— ஆடறதா?

— சுத்துது. பம்பரம் மாதிரி. ஒரு விளிம்பு நம்மளப் பாத்து வருது, இன்னொரு விளிம்பு நம்மள விட்டுப் போகுது. வர்ற பக்கத்துக் கோடு நீலத்துப் பக்கம் நகரும், போற பக்கத்துக் கோடு சிவப்புப் பக்கம். ரெண்டும் சேந்து ஒரே கோடா விழுந்தா தடிக்காம என்ன செய்யும்?

— அண்ணி, ஒரு சந்தேகம். நீலம்னா சில்லுனுதானே இருக்கும்? எங்க வீட்டுக் குழாயில சிவப்புதான் வெந்நீர்.

— அது குழாய் மாட்டினவன் வெச்ச சட்டம். உலையில இரும்பைப் பாருங்க. முதல்ல சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகும், வெளுக்கும். இது அதையும் தாண்டிப்போய் நீலம் பூத்தது. சூரியன் மேல்தோல் ஏறக்குறைய ஆறாயிரம் டிகிரின்னா இதுக்குப் பதினெட்டாயிரம். மூவாயிரம் சூரியன் சேந்து எரியற வெளிச்சம். ஐந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால இருந்தே கண்ணுக்குத் தெரியுது.

— என்னத்தச் சொல்றது, கரன்ட் பில்லை நெனச்சாலே மயக்கம் வருது.

— ஆயுசுல கட்டும். சூரியன் ஆயிரம் கோடி வருஷம் தாங்கும். இது அஞ்சு கோடி தேறினாப் பெரிசு.

— இருங்கம்மா. கோட்டு அகலத்தைக் கணக்குப் போட்டுப் பாத்தேன். நொடிக்கு முன்னூத்து முப்பது கிலோமீட்டர் வேகம் வருது. நம்ம சூரியன் ஒரு சுத்துச் சுத்த இருபத்தஞ்சு நாள். அதைவிட ஆறு மடங்கு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு இது ஒரே நாளைக்குள்ள சுத்துதா? சிதறிப் போகாதா?

— சிதறாது. உருண்டையா இருக்காது, அவ்வளவுதான். இடுப்பு பிதுங்கும், தலையும் காலும் அமுங்கும். பிதுங்கின இடத்துல சூடு கொஞ்சம் தணியும், அமுங்கின இடம் கொதிக்கும்.

— எனக்கும் இடுப்பு பிதுங்கித்தான் கெடக்கு அண்ணி. நான் உக்காந்த எடத்தை விட்டு நகர்றதே இல்லையே!

— ஸ்டோர், கொஞ்சம் சும்மா இரு. அம்மா, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. மருத்துவச் சான்றுல நடுக்கம்னு இருக்கறவர் எடுத்த அளவு செல்லாது.

— செல்லாதுன்னு அந்த நட்சத்திரத்துக்கிட்டச் சொல்லுங்க. சுத்தறதை நிறுத்துதான்னு பாப்போம்.

— நீங்க என்னை...

— சான்றைப் பாத்தீங்க, முன்னும் பின்னும் இருந்த கண்ணாடியைப் பாக்கல. ஒருத்தர் கையைப் பாத்தீங்க, கோட்டைச் சரியாப் பாக்கல. கண் வெச்சுத் தொழில் பண்றவங்க செய்யற வேலையா இது?

— அந்த லென்ஸை இன்னொரு தரம் குடுங்கம்மா.

— பாத்துட்டுச் சொல்லுங்க சார். நாளைக்கு அச்சு.

— சரிம்மா. தோத்தேன். வரியை அடிச்சுட்டேன், பாத்துக்கங்க.

— அடிச்சா மட்டும் போதாது. அதே இடத்துல எழுதுங்க. “பதினோரு பிளேட்டும் பழுதற்றவை. எடுத்த கை நிதானமானது. கோட்டின் தடிப்பு நட்சத்திரத்தின் சுழற்சியால் வந்தது.”

— எழுதிட்டேன்.

— கையெழுத்து?

— அதுவும் போட்டாச்சு. நோக்கியவர்ங்கற கட்டத்துல அவர் பேரைத் திரும்பச் சேத்துடறேன். இதை அவர்கிட்ட நேர்ல சொல்லியிருக்கணும். எனக்குத்தான் குடுத்து வைக்கல.

— பேனாவை நிறுத்துங்க. அவர் பேரை அங்க எழுதாதீங்க.

— ஏம்மா? இதுக்குத்தானே இத்தனை சண்டை?

— அவர் கை ஆடினது நெஜம் சார். கடைசி மூணு வருஷம் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

— அப்ப இந்தப் பிளேட் எல்லாம்? ஸ்டோர், நீ ஏன் தரையைப் பாக்கற?

— என்னத்தச் சொல்றது சார். ராத்திரிக் குளிருக்குப் போட்டுக்கற கோட்டு சின்ன அளவுல ஒண்ணு வேணும்னு அண்ணன் கேட்டாரு. குடுத்தேன். யாருக்குன்னு கேக்கற பழக்கம் ஸ்டோர்ல இல்ல.

— அவர் கீழ உக்காந்து நொடி எண்ணினாரு சார், நாப்பது நிமிஷமும் வாய்விட்டு. மேல ஏறி நின்னு கைப்பிடியைப் பிடிச்சது நான். நோக்கியவர்ங்கற எடத்துல என் பேரை எழுதுங்க. கீழ இன்னொரு வரி இழுத்து, நொடி எண்ணியவர்னு அவர் பேரை எழுதுங்க. ஒரு நொடி தப்பினதில்ல அவருக்கு.