நாற்பதில் ஓடாத இருபது

ஒரு கேபிளை வெளியிலிருந்து பார்த்து அதன் வேகம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கேபிள்களின் முனைகளும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று முழுப் படத்தையும் சில விநாடிகளில் அனுப்பிவிடும். மற்றது ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றுவதோடு சரி. உங்கள் போலீஸ் நிலைய மேசையில் கிடக்கும் அந்த வெள்ளைக் கேபிள் இரண்டாவது ரகம். அதை வைத்து என் கடைக் கணினியை நகலெடுக்கப் போவதாகச் சொன்னீர்கள். நாளை மாலை வரை உட்கார்ந்திருப்பீர்கள். வேறு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் கதிரேசன், வயது நாற்பத்தாறு. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க், அதைப் போடும் பெட்டி, கேபிள் எல்லாம் விற்பேன். பழைய டிஸ்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்றியும் கொடுப்பேன்.

இந்தத் தொழிலில் மனிதர்கள் மேல் மரியாதை வைத்திருப்பது சிரமம். முதலில் யுஎஸ்பி 3.0 என்று ஒரு தரம் வந்தது. பிறகு அதற்கே 3.1 முதல் தலைமுறை என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் 3.2 முதல் தலைமுறை. பொருள் அதேதான், வேகம் விநாடிக்கு அதே ஐந்து கிகாபிட்தான். பெயர் மாற்றியவர்களுக்கு வெட்கமும் இல்லை, வாங்குகிறவர்களுக்குச் சந்தேகமும் இல்லை. டப்பாவில் பெரிய எண் இருந்தால் போதும். பத்து வருடத்துப் பழைய லேப்டாப்பில் சொருகிப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஸ்லோவா இருக்கு லா" என்று திரும்பி வருவார்கள். நான் பொறுமையாக விளக்குவேன். அவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

ஆம்ப்ரோஸ் அப்படிப்பட்டவர் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அறுபத்திரண்டு வயது. ஜூரோங் கப்பல் பட்டறையில் குழாய் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவர். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் மறக்க முடியாது. ஆழமாக, அவசரமே இல்லாமல் பேசுவார். என்ன நூடல்ஸ் வேண்டும் என்று கேட்டால்கூட ஏதோ முக்கியமான அறிவிப்பு மாதிரி இருக்கும்.

போன வருடம் அவர் ஒரு டிஸ்க் பெட்டி வாங்கினார். பெட்டியின் வேகம் இருபது. அவருடைய புது லேப்டாப்பின் வேகம் நாற்பது. "இதுல இருபது ஓடுமா தம்பி?" என்று கேட்டார். ஓடும் என்றேன். நாற்பதில் இருபது ஓடாதா என்ன?

ஓடாது. அந்த இருபது வேறு வழியில் வந்த இருபது. நாற்பது போகிற லேப்டாப்புகள் பலவற்றுக்கு அந்த வழி தெரியாது. அதனால் பத்துக்கு இறங்கிவிடும். எனக்கு இது அன்று தெரியாது. தெரியாமல் இருந்தது பெரிய குற்றம் இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்தார். கடையில் நாலு பேர் நின்றார்கள். சுஷ்மிதா என்ற பெண் அதே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கொடுக்கத் தயாராக இருந்தாள். ஆம்ப்ரோஸ் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையில்லாத குரல் அது.

"தம்பி, நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். பத்துதான் வருது. ஸ்பெக்க முழுசா படிச்சேன், என் லேப்டாப்புக்கு இந்த ரகம் ஒத்து வராது."

"கேபிள் ப்ராப்ளமா இருக்கும் அங்கிள்."

"மூணு கேபிள் மாத்திட்டேன். பணம் வேணாம் தம்பி, நானே வச்சுக்கிறேன். அடுத்து வாங்குறவங்களுக்குத் தெரியட்டும், டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிருங்க."

சுஷ்மிதா பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற மூன்று பேர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். பணம் கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நான் மறுநாளே மறந்திருப்பேன். எனக்கு உதவி செய்கிற மாதிரி பேசினார். ஸ்டிக்கர் ஒட்டினேன். எனக்குக் கோபம் இல்லை, சார். நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

இந்த வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, மனைவி பிரிஜட்டோடு வந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தார். பேச்சு உரசிக்கொண்டு வந்தது. தொண்டையில் புற்றுநோய். புதன்கிழமை அறுவை சிகிச்சை, குரல்வளையை முழுவதுமாக எடுக்கப் போகிறார்கள். விவரம் எல்லாம் பிரிஜட்தான் சொன்னார்.

"குரல் நல்லா இருக்கும்போதே பேசிப் பதிவு பண்ணச் சொன்னாங்க தம்பி. அத வச்சு ஃபோன் இவர் குரல்லயே பேசுமாம். மார்ச்லயே பண்ணி வச்சுட்டாரு. செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரியில குடுக்கணும். ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. லேப்டாப் போர்ட் ஆடுது, காப்பி பண்ணா பாதியில கட்டாயிடுது."

ஆம்ப்ரோஸ் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் புதிய டிஸ்க் ஒன்றையும் மேசையில் வைத்தார். "வேகம் முக்கியமில்ல தம்பி," என்று மெல்லச் சொன்னார். "பத்திரமா வந்தா போதும்."

திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். "டிஸ்க் போயிடுச்சு அங்கிள். சொருகின உடனே செத்துப்போச்சு, எதுவும் எடுக்க முடியல" என்றேன். இரண்டு டிஸ்கையும் திருப்பிக் கொடுத்தேன். பிரிஜட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏதாவது வழி இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். மறுபடி பதிவு செய்ய முடியாது, அந்தக் குரல் அதற்குள் போய்விட்டது. ஆம்ப்ரோஸ் இரண்டு டிஸ்கையும் எடுத்துப் பையில் வைத்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"பரவால்ல தம்பி. உங்க மேல தப்பில்ல. நான்தான் ரெண்டு காப்பி வச்சிருக்கணும்."

அப்போதும் அவர்தான் சரியாகச் சொன்னார், பாருங்கள். ஸ்பெக்கை முழுதாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு காப்பி வைக்கத் தெரியவில்லை. இதை என் தரப்பு நியாயமாகவே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து பிரிஜட் அந்தப் பழைய டிஸ்கைத் தெம்பனிஸில் வருண் என்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார். தகவல் மீட்கும் தொழில் செய்பவர். டிஸ்க் நன்றாகவே வேலை செய்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பூஜ்ஜியம் மட்டும் எழுதப்பட்டிருந்தது. சாகிற டிஸ்க் தன்னைத்தானே அவ்வளவு சுத்தமாகத் துடைத்துக்கொள்ளாது. வருண் திறமையானவர்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். ஆம்ப்ரோஸின் கழுத்தில் துளை இருந்தது, அதன் மேல் வெள்ளைத் துணி. ஃபோனில் ஏதோ தட்டினார். ஃபோன் பேசியது. செய்தி வாசிக்கிற யாரோ ஒருவரின் குரல்.

"ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள்."

அது கேள்வி மாதிரியே ஒலிக்கவில்லை. எல்லாச் சொற்களும் ஒரே நீளத்தில் வந்தன. மலிவான மென்பொருள். டிஸ்கில் கோளாறு என்றேன். அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரிஜட்தான் உங்களிடம் வந்தார்.

நீங்கள் காலையிலிருந்து ஏன் ஏன் என்று கேட்கிறீர்கள். ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னதற்காக ஒருவன் இப்படிச் செய்வானா என்று உங்கள் முகமே கேட்கிறது. அதற்காக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது எனக்கு அழிக்கிற எண்ணமே கிடையாது. நகலெடுத்துக் கொடுக்கத்தான் போனேன். கீழே சந்து முழுவதும் விடுமுறைக் கூட்டம். கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு டிஸ்கைச் சொருகினேன். கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது தொழில் முறை. ஓரிரண்டு கேட்டால் போதும். நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஏழு மணி நேரம்.

ஆஸ்பத்திரி கொடுத்த வாக்கியங்கள் முதலில். பிறகு அவரே சேர்த்துக்கொண்டவை. "பிரிஜட், லைட்ட அணைச்சுட்டு வந்து படு." மகள் அபிகேலுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு மூன்று தாலாட்டு. கோவிலில் வாசிக்கும் வாசகங்கள். டாக்ஸிக்காரரிடம் சொல்ல, "அடுத்த ஜங்ஷன்ல லெஃப்ட் எடுங்கண்ணே." காப்பிக் கடையில் சொல்ல, "கோப்பி ஓ, சீனி கம்மி." பட்டறையில் கூட வேலை பார்த்த செல்லக்கண்ணுவின் பெயரைச் சொல்லி ஒரு கேலி. அதைச் சொல்லி முடிக்க முடியாமல் அவரே சிரித்துவிடுகிறார். எதிர்வீட்டுக்காரரின் நாய்க்குக்கூட ஒரு சத்தம் வைத்திருந்தார்.

நாலு மணிக்குக் கடைசிக் கோப்பு முடிந்தது. கோப்புப் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தேன், ஏதாவது விட்டுவிட்டேனா என்று.

பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். வேகமான கேபிள்தான் போட்டிருந்தேன். ஆனால் டிஸ்க் பழையது, அதன் தட்டு சுற்றும் வேகத்துக்கு மேல் எதுவும் ஓடாது. மூன்று மணி நேரம் ஆனது. எந்த நிமிடத்திலும் நிறுத்தியிருக்கலாம். பாதிக் குரலாவது மிஞ்சியிருக்கும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த மனிதர் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு வார்த்தை எடுத்து வைத்திருந்தார். ஏழு மணி நேரத்தில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.