வீட்டில் கேட்காத விசாரணை

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் துப்பாக்கிய நான்தான் புடுங்க வச்சேன்க்கா."

"எப்பிடிமே?"

"காட்டுப்பன்னி வெரட்டன்னு லைசென்ஸ் வாங்கினாரு. குடிச்சா எம்மேல நீட்டுவாரு. ஸ்டேஷன்ல சொல்லியும் கீறேன். ஆனா ரெனிவலுக்கு, வூட்ல தகராறு இல்லன்னு போலீஸ் ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. என்னை ஒரு வார்த்த கேக்கல."

"அப்பறம்?"

"கலெக்டராண்ட போய் நின்னேன். அவரு ஒரு ஆபீசரம்மாவ அனுப்பினாரு. அந்தம்மா வூட்டுக்கே வந்து கேட்டாங்க. லைசென்ஸ் கேன்சல். இனிமே பொண்டாட்டிய தனியா கேட்டுத்தான் ரிப்போர்ட் எழுதணும்னு ஸ்டேஷனுக்கும் சொல்லிட்டாங்க."

"அவரு கோவிச்சிக்கலயா?"

"கோவிச்சிக்கினுதான் கீறாரு," என்றாள், ஜன்னலை இன்னும் திறந்துவிட்டபடி. "நான் நிம்மதியா தூங்கறேன்க்கா."